நான்கு மில்லிமீட்டர் மிச்சம்

கெனெகெஸ் விமானத் திடலில் குல்பாஷின் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் நிறையப் பேர். முகத்துக்கு நேரே சிரித்தவன் எரிம்பெத் ஒருவன்தான். அதனாலேயே அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

அவள் மெக்கானிக். பதினெட்டு வருஷமாக அதே திடல், அதே எண்ணெய் ஊறிய பஞ்சுச் சட்டை. ஆரல் கடல் பின்வாங்கத் தொடங்கிய வருஷம் அவள் கணவன் காஸ்பியன் பக்கம் வேலை தேடிப் போனான். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் கடல் போன மாதிரியே அவனும் போய்விட்டான். பிள்ளை இல்லை. "என்ஜினோட குடித்தனம் நடத்துறா" என்று சாப்பாட்டுக் கூடத்தில் பேசிக்கொள்வார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. என்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போகாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

அந்த இரட்டை இறக்கை விமானங்களை எல்லோரும் அன்னுஷ்கா என்று கூப்பிடுவார்கள். மூக்கில் வட்டமாக ஒன்பது சிலிண்டர், அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் விசிறி. கோடையில் பருத்திக் காட்டுக்கு மருந்தடிக்கும். பனிக்காலத்தில் கடலோரக் கிராமங்களுக்குத் தபாலும் மருத்துவரும் கொண்டுபோகும், நோயாளியைக் கொண்டுவரும். எந்த விமானம் கிளம்பினாலும் குல்பாஷ் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுப்பாள். முழு விசையில் என்ஜின் நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு சுற்று சுற்ற வேண்டும். அந்தச் சத்தம் அவளுக்குப் பெற்ற தாயின் குரல் மாதிரி. ஐம்பது சுற்று குறைந்தாலும் சொல்லிவிடுவாள். சுற்றுமானியைப் பார்த்துவிட்டு விமானிகள் வாயைப் பிளப்பார்கள்.

அந்தச் சுற்றைக் கட்டுப்படுத்துவது கவர்னர். என்ஜின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. அதன் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கை. விமானி தன் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள லீவரை முன்னால் தள்ளினால், உடம்புக்குள் ஓடும் கம்பி வடம் அந்தக் கையை இழுக்கும். கை போய் ஒரு முட்டுத் திருகில் இடிக்க வேண்டும். இடித்தால் முழுச் சுற்று. அப்படி இடிக்கும்போது விமானியின் லீவர் தன் பள்ளத்தின் முனையைத் தொட்டுவிடக் கூடாது. நான்கு மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். அந்த முனையைச் சுவர் என்பார்கள். லீவர் முதலில் சுவரில் முட்டிக்கொண்டால், அங்கே கை முட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான் விஷயம். இதில் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை.

எரிம்பெத்துக்கு அந்த மிச்சம் ஆகவே ஆகாது. தெற்கே வேறொரு திடலில் பத்து வருஷம் பறந்துவிட்டு வந்தவன். பருமனான ஆள், பெரிய கைகள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

"அக்கா, உன் லீவர் என்ன கல்யாணப் பொண்ணா? சுவர் கிட்டப் போயி வெக்கப்பட்டு நின்னுடுதே!"

"அதுக்காவது வெக்கம் இருக்கு. உனக்கு அதுவும் இல்ல. நாலு மில்லி நிக்கணும் தம்பி, புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் பனியில ஏறிப் பார்த்தானா? ஓடற ஓட்டம் முடியப் போவுது, எதுக்க மேடு வருது, என் கைக்கு இன்னும் நாலு மில்லி தள்ளலாம்னு தோணுது. தள்ளினா கல்லு மாதிரி நிக்குது. மனசு என்ன பாடுபடும் சொல்லு! எங்க பழைய திடல்ல எல்லா விமானத்துலயும் லீவர் சுவருக்குப் போவும். ஒருத்தனும் செத்துப் போவல."

"அங்க எவன் முறுக்கினானோ அவன்கிட்டயே போய்ப் பறந்துக்க."

இது வருஷக்கணக்காக நடந்த சண்டை. சண்டை என்றால் சண்டையில்லை. அவன் வீட்டுக்கு அவள் பால் தேநீர் குடிக்கப் போனால்கூட இதைத்தான் பேசுவான். அவன் மனைவி ஜியாதா ரொட்டியைப் பிட்டுத் துணியில் போட்டுக்கொண்டே, "இந்த வீட்டுல லீவரைத் தவிர வேற பேச்சே கிடையாதா?" என்று அலுத்துக்கொள்வாள். இரண்டு பையன்களும் கரண்டியை லீவராக்கி மேசை விளிம்பில் இடித்து விளையாடுவார்கள்.

எழுபத்து நான்காம் வருஷப் பனிக்காலத்தில் கொட்டகைக்கு நீராவிக் குழாய் போட்டார்கள். அதுவரை எல்லா வேலையும் வெட்டவெளியில்தான். மைனஸ் இருபதிலும் கையுறையைக் கழற்றிவிட்டு முறுக்குவார்கள். உலோகம் தோலைப் பிடித்துக்கொள்ளும். குல்பாஷின் விரல் நுனிகள் இரண்டில் உணர்ச்சி போய்ப் பல வருஷம் ஆயிற்று. இப்போது உள்ளே கோடை மாதிரி இருந்தது. ஆட்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, குழாயின் மேல் காலுறையைக் காயப் போட்டார்கள். தலைமைப் பொறியாளர் தவ்லெத் தானே கண்டுபிடித்தது போலக் குழாயைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

அந்தச் சொகுசில்தான் எரிம்பெத் ஒருநாள் அல்வா டப்பாவோடு வந்து நின்றான். அவன் விமானத்தின் மூக்கு திறந்திருந்தது. வடம் புதிதாக மாற்றியிருந்ததால் கவர்னர் கையை எப்படியும் மறுபடி சரிசெய்தாக வேண்டும். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, கடைசியாக் கேக்கறேன். இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளு. கவர்னர் கை முட்டுத் திருகைத் தொடற அதே நேரத்துல லீவரும் சுவரைத் தொடட்டும். ரெண்டும் ஒண்ணாப் போவட்டும். திருகைத் தொட்டுடுச்சுன்னா மிச்சம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"அல்வா எதுக்குடா?"

"லஞ்சம்."

அவள் சிரித்துவிட்டாள். கவர்னர் கையைக் கழற்றி, அது உட்காரும் பற்களில் ஒரு பல் தள்ளிப் பொருத்தினாள், வடத்தின் திருகை அரைச் சுற்று விட்டாள், அவனை மேலே ஏறி லீவரைத் தள்ளச் சொன்னாள். கை முட்டில் இடித்தது. மேலே லீவர் சுவரில் 'டக்' என்றது. இரண்டும் ஒரே நேரத்தில். முட்டுக்கும் கைக்கும் நடுவே அவள் தாளைச் செருகிப் பார்த்தாள். நுழையவில்லை. கச்சிதமான வேலை என்று அவளுக்கே பெருமையாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். ஏட்டில் 'வடம் சரிசெய்யப்பட்டது' என்று எழுதினாள். தவ்லெத் நிமிர்ந்தும் பாராமல் கையெழுத்துப் போட்டார்.

அவள் மறந்தது ஒன்றே ஒன்று. மறந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, பதினெட்டு வருஷமாக அதை நினைக்கத் தேவையே வந்ததில்லை. குளிரில் விமானத்தின் அலுமினிய உடம்பு சுருங்கும். உள்ளே ஓடும் எஃகு வடம் அவ்வளவு சுருங்காது. அதனால் வடம் தொய்யும். தொய்ந்த வடம் கையைக் கடைசி வரை இழுக்காது. அந்தத் தொய்வுக்காகத்தான் நான்கு மில்லிமீட்டர். வெட்டவெளிக் குளிரில் முறுக்கிய காலத்தில் தொய்வும் கணக்கோடு சேர்ந்தே வந்துவிடும். லீவரைச் சுவர் வரை விட்டாலும் ஒன்றும் ஆகாது. தெற்குத் திடல்காரர்கள் செத்துப் போகாததற்கும் அதுதான் காரணம். இவள் முறுக்கியதோ குழாய்ச் சூட்டில், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு.

ஆறாம் நாள் சாரிகமிஸ் கிராமத்திலிருந்து ரேடியோவில் செய்தி வந்தது. ஒரு பெண்ணுக்கு மூன்று நாளாக வலி, பிள்ளை குறுக்கே நிற்கிறது. எரிம்பெத்தும் மருத்துவ உதவியாளர் சார்சனும் கிளம்பினார்கள். கடலோரக் கிராமத்தில் நின்றால் என்ஜின் உறைந்துவிடும். சூடாக்க மெக்கானிக் கூடப் போக வேண்டும் என்பது திடலின் வழக்கம். குல்பாஷ் பெட்ரோல் அடுப்பையும் கித்தான் குழாயையும் ஏற்றிக்கொண்டு போனாள். கொட்டகையை விட்டு வந்த சூடு விமானத்தில் மிச்சம் இருந்தது. கிளம்பும்போது இரண்டாயிரத்து இருநூறு. காதும் சொன்னது, மானியும் சொன்னது. எரிம்பெத் லீவரைச் சுவரில் முட்டவைத்துவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சாரிகமிஸில் முன்பு கடலாக இருந்த தரையில் இறங்கினார்கள். அன்று மைனஸ் முப்பத்து நான்கு. அந்தப் பெண்ணை வண்டியில் கட்டிக் கொண்டுவர நாலு மணி நேரம் ஆயிற்று. அவள் கத்தும் நிலையைத் தாண்டியிருந்தாள். குல்பாஷ் அந்த நாலு மணி நேரமும் என்ஜின் மூக்குக்குக் கித்தானைப் போர்த்தி அடுப்பின் சூட்டை ஊதிக்கொண்டிருந்தாள். என்ஜின் சூடாக இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த உடம்பு முழுக்கக் கல்லாக உறைந்து கிடந்தது. அதை யாரும் சூடாக்குவதில்லை.

கிராமத்தார் வழக்கம்போல உறைந்த மீன் மூட்டைகளைக் கொண்டுவந்து உள்ளே தள்ளினார்கள். நாலு மூட்டை. வேண்டாம் என்றால் அவர்களுக்கு அவமானம். சாகக் கிடக்கிற பெண்ணுக்காக வந்தவனுக்கு வேறு எதைத் தருவார்கள்? அப்போது பெண்ணின் தாய் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுக்கமாட்டேன் என்றாள். எரிம்பெத் பனியைக் காலால் உதைத்துப் பார்த்தான். புதுப் பனி, முழங்கால் ஆழம்.

"அக்கா, நீ இரு. அடுப்பையும் இறக்கிடு. நீயும் அடுப்புமா மூணு பேர் கனம். அந்தம்மா வரட்டும். இவங்களை விட்டுட்டு உடனே திரும்பி வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"நான் மூணு பேர் கனமா?"

"அடுப்பு ஒரு ஆளுதான்" என்று சிரித்தான். அவன் அவளிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

காற்று நிலத்திலிருந்து அடித்ததால் அவன் பழைய கரையைப் பார்த்து ஓட வேண்டியிருந்தது. கடல் இருந்த காலத்தில் அலை மோதிய கரை அது. இப்போது மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு மேடு. குல்பாஷ் அடுப்பின் பக்கத்தில் நின்றாள். என்ஜின் முழு விசைக்குப் போயிற்று. அவள் காது காத்திருந்தது.

அந்தச் சத்தம் வரவில்லை. ஒரு படி கீழேயே நின்றுவிட்டது. நூற்றைம்பது சுற்று குறைவு, இன்னும் கூடவும் இருக்கலாம். எங்கே குறைகிறது, ஏன் குறைகிறது, யார் கையால் குறைகிறது, எல்லாம் அந்த ஒரு மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சால்வையை உருவி ஆட்டிக்கொண்டு ஓடினாள். "நிறுத்துடா! தம்பி, நிறுத்து!" கம்பளிப் பூட்ஸோடு அந்தப் பனியில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? சக்கரத்துக்குப் பதில் மாட்டியிருந்த சறுக்குக் கட்டைகள் கிளப்பிய பனித்தூளில் விமானமே கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே ஒருவன், லீவர் சுவரில் இருக்கிறது, இதற்கு மேல் தர என்ஜினிடம் எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தான். மிச்சம் இருந்த லீவராக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்திருப்பான்.

விமானம் எழும்பியது. மேட்டைத் தாண்ட ஒரு முழம் போதவில்லை. சறுக்குக் கட்டை விளிம்பில் மாட்டிப் புரண்டது.

தீப்பிடிக்கவில்லை. முதலில் போய்ச் சேர்ந்தவள் அவள்தான். எரிம்பெத் இருக்கையிலேயே இருந்தான், உயிர் இல்லை. அவன் பெரிய கை லீவரைப் பிடித்தபடி இருந்தது. லீவர் சுவரில் முட்டியிருந்தது. பெண்ணும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். சார்சனுக்கு இடுப்பு முறிந்தது. தாய் மட்டும் நெற்றியில் ஒரு கீறலோடு எழுந்து பனியில் உட்கார்ந்து, மகளின் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

விசாரணைக் குழு தலைநகரத்திலிருந்து வந்தது. மூன்று பேர். அதில் பெரியவர் கெனாடி பாவ்லோவிச், மெலிந்த ரஷ்யர், எந்நேரமும் இருமல். அவர்கள் நொறுங்கிய மூக்கைப் பார்த்தார்கள்; கவர்னர் அடிபட்டுச் சிதறியிருந்ததால் அது ஒன்றும் சொல்லவில்லை. லீவரைப் படம் எடுத்தார்கள். முழுக்க முன்னால், சுவரில். ஆகவே என்ஜின் முழு விசையில் இருந்தது என்று முடிவு கட்டினார்கள். முழு விசையிலும் ஏறவில்லை என்றால் பாரம் கூடுதல். மீன் மூட்டைகளை நிறுத்துப் பார்த்துத் தாளில் எழுதினார்கள். அந்த விமானத்துக்கு நாலு மூட்டை மீன் ஒரு கொசுக்கடி. குழுவுக்குக் காரணம் வேண்டும். செத்தவன் எதிர்த்துப் பேசமாட்டான்.

குல்பாஷை அரை மணி நேரம் கேட்டார்கள். சத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அப்படி ஒன்பது நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள். அவளைப் புனிதவதியாக்குவதற்காக இந்தக் கதையைச் சொல்லவில்லை, பயந்தாள், அவ்வளவுதான். ஜெயிலுக்குப் பயந்தாள். என்ஜின் சத்தம் கேட்காமல் எங்கோ உட்கார்ந்திருக்கும் நாட்களுக்கு இன்னும் பயந்தாள்.

பத்தாம் நாள் ஜியாதா வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குல்பாஷ் வீட்டு வாசல்படியிலேயே நின்றாள்.

"அக்கா, நீ அங்க இருந்தியே. நாலு மூட்டை மீனுக்கா அவரு செத்தாரு?"

"யாரு சொன்னா?"

"தாளுல எழுதிட்டாங்க. விமானியோட குத்தம்னு. குத்தம்னா எங்களுக்குப் பென்ஷன் இல்லையாம். வீடு திடலோடது, பனி உருகறதுக்குள்ள காலி பண்ணணுமாம். அது போவட்டும். பெரியவன் பள்ளிக்கூடத்துலருந்து உதடு கிழிஞ்சு வர்றான். 'உங்கப்பன் மீன் திருடன், ஆளைக் கொன்னவன்'னு சொல்றாங்களாம்." அவள் அழவில்லை. குல்பாஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே போய்விட்டாள்.

குல்பாஷ் அன்றே தவ்லெத்திடம் போனாள். மிச்சம் விடாமல் முறுக்கியதைச் சொன்னாள். கேட்டதும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உனக்குப் பைத்தியமா? முடிஞ்ச காரியத்தை எதுக்குக் கிளர்றே? ஏட்டுல கீழ என் கையெழுத்து இருக்கு!"

"தெரியும் அண்ணே. நீங்க பாக்காமப் போட்டீங்க. அதையும் சொல்லத்தான் போறேன்."

"செத்தவன் செத்துட்டான். நீ ஜெயிலுக்குப் போனா எந்திரிச்சு வருவானா?"

"வரமாட்டான். அவன் பேரு வரும்."

கெனாடி பாவ்லோவிச் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை இருமலுக்கு நடுவே கேட்டார். "அம்மா, படத்துல லீவர் முழுக்க முன்னால இருக்கு. நீங்க ஒரு சத்தத்தைக் கேட்டேங்கிறீங்க. சத்தத்தை நான் எந்தப் பெட்டியில போட்டுக் கொண்டுபோறது?"

"நாலு மணி நேரம் குடுங்க ஐயா. காட்டறேன்."

கொட்டகையில் இன்னொரு அன்னுஷ்கா நின்றது. குல்பாஷ் அவர் கண்ணெதிரே அதன் கவர்னர் கையைக் கழற்றி, ஒரு பல் தள்ளிப் பொருத்தினாள், எரிம்பெத்துக்குச் செய்ததைப் போலவே. அவரை மேலே ஏற்றி லீவரைத் தள்ளச் சொன்னாள். 'டக்'. கீழே முட்டுக்கும் கைக்கும் நடுவே தீக்குச்சியை வைத்தாள். நுழையவில்லை. பிறகு விமானத்தை வெளியே தள்ளச் சொன்னாள். நாலு மணி நேரம் அது காற்றில் நின்றது. அவளும் பக்கத்திலேயே நின்றாள். உள்ளே வந்து நில்லுங்கள் என்று கெனாடி சொன்னதற்கு அசையவில்லை.

திரும்ப அவரை ஏற்றினாள். "தள்ளுங்க. இன்னும். சுவர்ல முட்டுச்சா?"

"முட்டுச்சு. இதுக்கு மேல போகாது."

"அப்படியே கட்டிட்டு இறங்கி வாங்க."

அவர் இறங்கி வந்தார். அவள் தீக்குச்சியை எடுத்து முட்டுக்கும் கைக்கும் நடுவே விட்டாள். குச்சி எங்கும் படாமல் உள்ளே போய், மறுபக்கமாகப் பனியில் விழுந்தது. கெனாடி இருமலை மறந்து குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்.

அலுவலகத்தில் கெனாடி புதுத் தாள் எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"பதினெட்டு வருஷ மெக்கானிக். மிச்சம் விடணும்னு உங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் எடுத்தீங்க? யாராவது சொன்னாங்களா? விமானிங்க இதைக் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்மா. எரிம்பெத் கேட்டாரா? கேட்டிருந்தா சொல்லிடுங்க. உங்க பாரம் பாதியாக் குறையும்."

அவளுக்கு அல்வா டப்பா நினைவுக்கு வந்தது. அதில் இன்னும் ஒரு துண்டு இருந்தது. கேட்டான் என்று சொன்னால் குற்றம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அவன் பெயரில் போய் உட்காரும். பாதிக் குற்றமானாலும் விமானியின் குற்றம்தான். பென்ஷன் இல்லை, வீடு இல்லை, பள்ளிக்கூடத்தில் பையனுக்குப் பதில் இல்லை.

"இல்ல ஐயா. அவரு கேக்கல. அவருக்கு இது தெரியவே தெரியாது. வேலையை முடிச்சுட்டு வீட்டுக்குப் போற அவசரம். மிச்சம் விட மறந்துட்டேன்."

கெனாடி இருமினார். நம்பவில்லை. ஆனால் எழுதினார்.

கோர்ட்டில் விசாரணை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. தவ்லெத்துக்குப் பதவி இறக்கம். குல்பாஷுக்கு இரண்டரை வருஷம், தையல் கூடமுள்ள பெண்கள் முகாமில். இனி எந்த விமானத்திலும் கை வைக்கக் கூடாது. சாரிகமிஸ் தாய் எழுந்து அவளை நோக்கி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. ஜியாதா மூன்றாம் வரிசையில் தலைத்துணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே கொண்டுபோகும்போது குல்பாஷ் அவள் பக்கம் திரும்பினாள். ஜியாதா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. புருஷனைக் கொன்றவளை எந்தப் பெண் நிமிர்ந்து பார்ப்பாள் என்று குல்பாஷ் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

முகாமைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையுறை தைத்தாள். ஊசி குத்தினாலும் தெரியாத அந்த இரண்டு விரல்கள் அங்கே உதவியாக இருந்தன. மனசு தாங்காத நாட்களில் ஒரே ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்: அந்த ஒரு பொய் எனக்கு மட்டும் தெரியும், அதனால் ஜியாதாவுக்குப் பென்ஷன் வருகிறது, அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

திரும்பி வந்தபோது திடலில் அவளைச் சேர்க்கவில்லை. ஊர்க் குளியல் கூடத்தில் உலைக்கு நிலக்கரி போடும் வேலை கிடைத்தது. அன்னுஷ்காக்கள் குளியல் கூடத்தின் மேலேதான் ஏறிப் போகும். ஒவ்வொரு தடவையும் அவள் மண்வெட்டியை நிறுத்திக் காதைக் கொடுப்பாள். சுற்று சரியாக இருக்கும். எல்லா விமானத்திலும் நான்கு மில்லிமீட்டர் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள்.

வியாழக்கிழமை பெண்கள் முறை. ஜியாதா வருவாள், துணிமூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, உலையறைப் பக்கம் திரும்பாமல் உள்ளே போவாள், திரும்பாமலே வெளியே போவாள். ஒரு பனிக்காலம் முழுக்க அப்படிப் போனது. குல்பாஷும் கூப்பிடவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஜியாதா ஈரத்தலையோடு உலையறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா."

குல்பாஷ் கரி போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னாரு. 'ஜெயிச்சுட்டேன் ஜியாதா, அல்வா குடுத்து அக்காவை மடக்கிட்டேன், என் லீவர் சுவருக்குப் போவுது'ன்னு. பசங்களைத் தூக்கிச் சுத்தினாரு. எனக்கு அப்பலருந்தே தெரியும்."

மண்வெட்டி நின்றது.

"நீ கோர்ட்டுல 'அவரு கேக்கல'ன்னு சொன்னப்ப மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ பாதி நாள்ல வந்திருப்ப. என் காலு எந்திரிக்கல அக்கா. பசங்களை நினைச்சேன், வீட்டை நினைச்சேன், உக்காந்தே இருந்தேன். இத்தனை மாசமா உன் முகத்தைப் பாக்க முடியாமத்தான் ஓடினேன். ரெண்டு அறை அறைஞ்சிடு."

குல்பாஷுக்கு முதலில் வந்தது கோபம்தான். அறைய வேண்டும் போலவே இருந்தது. தன்னிடம் இருந்த ஒரே சொத்து அந்த ரகசியம். அதிலும் இவளுக்கு முதல் நாளிலிருந்தே பங்கு இருந்திருக்கிறது. உலைக் கதவைக் காலால் சாத்தினாள். கரிக்கையைப் பாவாடையில் துடைத்தாள். சுவரோரம் இருந்த மரப்பெட்டியைக் காட்டி உட்காரச் சொன்னாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. சாவற வரைக்கும் சொல்லாத. பசங்ககிட்ட முக்கியமாச் சொல்லாத." பிறகு கேட்டாள்: "பெரியவன் என்ன படிக்கிறான்?"

"எட்டாவது. அப்பா மாதிரி விமானி ஆவணுமாம். நான் எவ்வளவோ சொல்லிட்டேன். கேக்கமாட்டேங்கிறான்."

தலைக்கு மேலே ஒரு அன்னுஷ்கா ஏறிப் போயிற்று. குல்பாஷ் முகத்தைத் தூக்கி, சத்தம் தேயும் வரை கேட்டாள்.

"ஆவட்டும். லீவர் சுவர்ல முட்டக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வை. நாலு மில்லி எப்பவும் மிச்சம் நிக்கணும்."

"யாரு சொன்னாங்கன்னு கேப்பானே அக்கா."

"உங்கப்பா சொல்லிட்டே இருப்பாருன்னு சொல்லு" என்றாள் குல்பாஷ். எழுந்து உலைக் கதவைத் திறந்து கரி போடத் தொடங்கினாள்.